அடையாளங்கள் நேராகத்தான் நின்றன

பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலத்தின் ஏற்றத்தில் என் பழைய மாருதி 800 திணறத் தொடங்கியது, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை மூன்றாம் முறையாகச் சீவிச் சமமாக்கி, அதாவது ஃபேஸ் அடித்து, மாட்டிய மறுநாள். அதற்கு முன்பு நான்கு பேர் உட்கார்ந்திருந்தாலும் மூன்றாவது கியரிலேயே முனகாமல் ஏறிய வண்டி அது. இப்போது பாதி ஏற்றத்தில் இரண்டாவது கியரைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில், லாரிகள் வரிசை கட்டுவதற்கு முந்தைய விடியற்காலையில், சமதளத்தில் விரட்டிப் பார்த்தால் மேல் வேகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் முன்பைவிடச் சற்று உற்சாகமாகவே ஓடியது. கீழே சோம்பலும் மேலே சுறுசுறுப்புமாக ஒரே எஞ்சின் இரண்டு குணம் காட்டியது. ஹெட்டைச் சீவினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் கலவை அழுத்தப்படும் அளவு, கூடும், கம்ப்ரஷன் கூடினால் கீழ் வேகத்தில்தான் முதலில் பிக்கப் கூட வேண்டும் என்று படித்து வைத்திருந்த எனக்கு இது நேர் எதிராக இருந்தது.

ஹெட் மூன்று முறை சீவப்பட்டதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவின் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது என்பது தெரிந்தும், அவசரத்துக்கு ஒரு குடம், பிறகு இன்னொரு குடம் என்று பல ஆண்டுகள் ஊற்றியிருக்கிறேன். உப்புப் படிந்து ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்துக்கொள்ள, எஞ்சின் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்தது. அலுமினியம் சூட்டில் மிகுதியாக விரியும் உலோகம். விரிய இடமில்லாமல் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது நடுவில் உப்பிக்கொள்ளும். நேர்கோல் வைத்து, அதன் அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு தாராளமாக நுழைந்தால் ஹெட்டை ஃபேஸ் அடிக்க வேண்டியதுதான். முதல் முறை சீவியது எனக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர். மற்ற இரண்டு முறையும் நான்.

கடைசி முறை மாட்டிய மெக்கானிக் அண்ணன் கைத்திறமை உள்ளவர். புல்லட் வேலையில் எங்கள் பகுதியில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை என்றே சொல்வேன். ஹெட்டைச் சீவியதால் டைமிங், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தோடு வால்வுகள் திறந்து மூடும் நேரம், மாறியிருக்குமோ என்று கேட்டபோது அவர் சிரித்தார். "ஃபேஸ் அடிச்சா டாப்பெட்ட மட்டும் பாத்துக்க தம்பி. டைமிங்குலாம் இன்னா மாறப் போவுது? மார்க்கு நேராத்தான கீது." முன் மூடியைக் கழற்றியே காட்டினார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் புல்லியில் உள்ள அடையாளமும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் புல்லியில் உள்ள அடையாளமும் அதனதன் இடத்தில் நேராகத்தான் நின்றன. குறைந்தபட்சம், கண்ணுக்கு நேராக நின்றன.

அவர் சொன்ன விதி பொய்யன்று. வடசென்னையில் இரண்டு தலைமுறை மெக்கானிக்குகள் கற்றுத் தேர்ந்த எஞ்சின்களுக்கு அது முழுக்க உண்மை. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் திருவொற்றியூரில் உருவானது. அந்தப் பழைய புல்லட்டின் கேம்கள் ஹெட்டில் இல்லை, கீழே கிராங்க் கேஸின் பக்கத்தில் பற்சக்கரங்களோடு பற்சக்கரமாகச் சுழல்கின்றன. 1948-இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து பிறகு அசோக் லேலண்ட் ஆன எண்ணூர்த் தொழிற்சாலையின் பழைய லாரி எஞ்சின்களிலும் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்குக் கீழே, பிளாக்கில்தான் இருந்தது. அம்பாசடரின் பழைய எஞ்சினும் ஃபியட் 1100-உம் அப்படியே. இவை எல்லாவற்றிலும் கேம் கீழே இருக்கிறது, வால்வு மேலே இருக்கிறது, நடுவில் நீண்ட புஷ்ராடு ஒன்று தூக்கிக் கொடுக்கிறது. ஹெட்டை எவ்வளவு சீவினாலும் கிராங்குக்கும் கேமுக்கும் நடுவிலுள்ள தூரம் ஒரு நூல்கூட மாறாது. ஆகவே டைமிங்கும் மாறாது. மாறுவது புஷ்ராடின் கணக்கு மட்டும். வால்வை அழுத்தும் ராக்கர் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு புஷ்ராடு நீண்டதுபோல் ஆகும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளியைத் திரும்ப வைத்தால் வேலை முடிந்தது. எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சின்களில் மட்டும் அந்தக் கூடுதல் நீளம் வால்வைச் சரியாக மூடவிடாமல் தூக்கிப் பிடிக்கக்கூடும் என்பதால் சற்றுக் கவனம் வேண்டும்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 நம் தெருக்களுக்கு வேறொரு அமைப்பைப் பரவலாகக் கொண்டுவந்தது. கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கிராங்கிலிருந்து ஒரு பல்பெல்ட் ஏறிப் போய் அதைச் சுழற்றும். இங்கே ஹெட்டைச் சீவினால், சீவிய அளவுக்குக் கேம்ஷாஃப்ட்டே கிராங்கை நோக்கி இறங்கிவிடுகிறது. பெல்ட் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. அண்ணனின் விதி கேம்ஷாஃப்ட்டோடு சேர்ந்து மேலே ஏறவில்லை, அவ்வளவுதான்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். செயினின் இரண்டு ஓட்டங்களில் ஒன்று இழுக்கும் ஓட்டம், மற்றது தளர்ந்த ஓட்டம். இப்போது பின்சக்கரத்தின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை ஐந்து மி.மீ. பெடலை நோக்கி நகர்த்தினால் இழுக்கும் ஓட்டம் தொய்யும். அதை மீண்டும் விறைப்பாக்க வேண்டுமென்றால், பெடலை அசைக்கக் கூடாது என்ற நிபந்தனையின்படி, பின்புறப் பற்சக்கரம்தான் ஓடும் திசைக்கு எதிராகச் சற்றுப் பின்வாங்கித் திரும்ப வேண்டும். மிச்சத் தொய்வெல்லாம் மற்ற ஓட்டத்துக்குப் போய்விடும். எஞ்சினில் பெடலின் இடத்தில் கிராங்க் புல்லி, பின்சக்கரத்தின் இடத்தில் கேம் புல்லி. தொய்வை வாங்கிக்கொள்ளும் டென்ஷனர் எப்போதும் தளர்ந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே டென்ஷனர் தன் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் கேம்ஷாஃப்ட் பின்தங்கியே தீரும். பெல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கிறது என்பதும் டைமிங் சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றன்று.

எவ்வளவு பின்தங்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கேம் புல்லியில் பெல்ட் உட்காரும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 120 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், அதன் சுற்றளவு 377 மி.மீ. அந்த 377 மி.மீ. முழுவதும் 360 டிகிரி என்றால், 1 மி.மீ. பெல்ட்டுக்குக் கேம் 0.95 டிகிரி திரும்பும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால் கிராங்க் கணக்கில் அது 1.9 டிகிரி. கடைசியாகச் சீவிய இடத்தில் "வெறும் பத்து தௌதான் எடுத்தோம்" என்றார்கள். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பத்து தௌ என்றால் கால் மி.மீ. அதற்கு அரை டிகிரிகூட ஆகாது. எந்த ஓட்டுநராலும் உணர முடியாது. ஆனால் மூன்று முறையும் சேர்த்து எவ்வளவு போயிருக்கிறது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. மூர் தெருப் பக்கம் ஓர் உதிரிபாகக் கடையில் புதிய ஹெட் ஒன்றை இரவல் வாங்கி, வெர்னியரால் அதன் உயரத்தை அளந்துவிட்டு, என் எஞ்சினில் அதே இரு பரப்புகளுக்கு நடுவே அளந்தேன். வித்தியாசம் 1.3 மி.மீ. தௌ கணக்கில் ஐம்பத்தொன்று. யாரோ ஒருவர், அல்லது மூவருமே, சொன்னதைவிட அதிகமாகச் சீவியிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சண்டை போட என்னிடம் ரசீதுகூட இல்லை.

1.3 மி.மீ. என்றால் கிராங்கில் சுமார் 2.5 டிகிரி. இது சிறிய எண்தான். ஆனால் இதே எஞ்சினில், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கேம்ஷாஃப்ட்தான் சுழற்றுகிறது என்பதை அப்போது நான் மறந்திருந்தேன். கேம் பின்தங்கினால் அதனோடு தீப்பொறியும் அதே அளவு பின்தங்கும். அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரைத் தம் வழக்கப்படி, கழற்றும் முன்பு அதன் உடம்பில் கீறி வைத்த பழைய கோட்டுக்கு நேராக மாட்டியிருந்தார். தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் ஒன்றை வாங்கி வந்து சரிபார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்ததும் இழந்த பிக்கப்பில் பாதி திரும்பிவிட்டது. பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வண்டி தேறிவிட்டது என்ற நிம்மதியில் மிச்சப் பாதியை வயதுக்கும் பெட்ரோலுக்கும் எழுதி வைத்துவிடுகிறார்கள். நானும் ஒரு மாதம் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

மிச்சப் பாதி வால்வுகளிடம் இருந்தது. கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு, பிஸ்டன் கீழ் எல்லையைத் தாண்டி மேலேறத் தொடங்கிய பிறகும் சற்று நேரம் திறந்தே இருக்கும்படிதான் ஏறக்குறைய எல்லா எஞ்சின்களும் வடிவமைக்கப்படுகின்றன. வேகமாக ஓடும்போது உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்குத் தன் உந்துதல் உண்டு, பிஸ்டன் ஏறினாலும் அது வந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அந்த உந்துதல் இல்லை. வால்வு மூடத் தாமதமாகும் ஒவ்வொரு டிகிரிக்கும், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. கேம் பின்தங்கிய எஞ்சின் கீழே சோம்பேறியாகவும் மேலே உற்சாகமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான். கம்ப்ரஷன் கூடியதன் பலனையும் இந்தத் தாமதம் ஓரளவு தின்றுவிடுகிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 265 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 8.7 என்று தொடங்கினால் எரியறையின் மொத்த இடம் 34.4 சிசி. ஹெட்டில் எரியறையின் வாய் சிலிண்டரின் வாயில் முக்கால் பங்கு என்று கொண்டால், 1.3 மி.மீ. சீவியதில் 3.6 சிசி போய்விட்டது, விகிதம் 9.6-ஐத் தொட்டிருக்கும். அவ்வளவு கூடியும் கம்ப்ரஷன் கேஜில் அதற்கேற்ற உயர்வு தெரியவில்லை. அந்தக் கேஜ் காட்டுவது வால்வு மூடிய பிறகு அழுத்தப்பட்ட காற்றைத்தான், தாளில் எழுதிய விகிதத்தை அன்று.

"அப்போ ஒரு பல்லு ஏத்திடலாம்" என்றார் அண்ணன், இப்போது பாதி நம்பிக்கையோடு. இது மிகவும் ஆபத்தான யோசனை. கேம் புல்லியில் 40 பல் என்றால் ஒரு பல்லுக்குக் கேம் 9 டிகிரி, கிராங்க் 18 டிகிரி. 2.5 டிகிரிக் குறையைத் தீர்க்க 18 டிகிரி முன்னே தள்ளினால் 15 டிகிரிக்கு மேல் அந்தப் பக்கம் போய் நிற்போம். பல்பெல்ட் நமக்குத் தருவது பெரிய படிகள். நமக்கு வேண்டியதோ அந்தப் படிகளுக்கு நடுவிலுள்ள இடம். அடையாளத்தின் குறைபாடும் இதுவே. 120 மி.மீ. புல்லியின் விளிம்பில் ஒன்றேகால் டிகிரி என்பது 1.3 மி.மீ. நகர்வு, ஒரு தடித்த புள்ளியையும் ஒரு வெட்டையும் மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரியும். அந்த அடையாளங்களைத் தொழிற்சாலை வெட்டியது சீவப்படாத ஹெட்டுக்காக. என் எஞ்சின் அந்த எஞ்சினாக இல்லாமல் போய் நாளாகிவிட்டது.

ஆகவே அளந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் 360 டிகிரி கோடிட்ட வட்டத் தட்டு. பிளக்ஸ் அச்சிடும் கடையில் 250 மி.மீ. விட்டத்தில் அச்சிட்டு வாங்கி அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொண்டேன். அந்த விட்டத்தில் ஒரு டிகிரிக்கு இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல் இடம் கிடைப்பதால் அரை டிகிரியைக் கண்ணால் படிக்கலாம். அதைக் கிராங்க் போல்ட்டில் மாட்டி, சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து முள்ளாக வைத்தேன். அடுத்து முதல் சிலிண்டரின் மேல் எல்லையை, மெக்கானிக்குகள் டி.டி.சி. என்று சொல்லும் புள்ளியை, கண்டுபிடிக்க வேண்டும். பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு அது ஏறி இறங்குவதைப் பார்த்து முடிவு செய்வது நம் ஊர் வழக்கம். டாப்பெட் வைக்க அது போதும். கேமை அளக்கப் போதாது, ஏனென்றால் மேல் எல்லைக்கு அருகே பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது: 72 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த எஞ்சினில் உச்சியிலிருந்து கிராங்க் 3 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் 0.07 மி.மீ.கூட இறங்காது. நான் தேடும் பிழையே 3 டிகிரிக்குள் இருக்கும்போது 3 டிகிரி தடுமாறும் தொடக்கப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்குப் பழைய, நம்பகமான வழி ஒன்று உண்டு. தேய்ந்த ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் உடம்பில் முனை உருட்டிய ஒரு போல்ட்டை வெல்ட் வைத்துக்கொண்டேன். காற்று வெளியேற அதில் ஒரு சிறு துளையும் வேண்டும். மூன்று பிளக்குகளையும் கழற்றிவிட்டு, இந்தத் தடையை முதல் சிலிண்டரில் மாட்டி, கிராங்கைக் கையால், ஸ்பேனர் கொண்டு மெதுவாகத் திருப்பினால் உச்சிக்குச் சற்று முன்பே பிஸ்டன் தடையில் முட்டி நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எதிர்த் திசையில் திருப்பினால் மறுபக்கத்தில் முட்டி நிற்கும். எனக்கு ஒரு பக்கம் 34, மறுபக்கம் 40 வந்தது. உண்மையான உச்சி இரண்டுக்கும் சரிநடுவில்தான் இருக்க முடியும். தட்டை 3 டிகிரி நகர்த்தி, இரு பக்கமும் 37 வரும்வரை திருத்தினேன். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அளந்து, நகராத இடத்தைக் கணக்கால் பிடிக்கிறோம்.

பிறகு தடையை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் இன்டேக் வால்வு ஸ்பிரிங்கின் மேல் தட்டில், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை, வால்வுத் தண்டின் சாய்வுக்கு இணையாக வைத்தேன். கேமின் உச்சியும் பிஸ்டனின் உச்சிபோலவே மழுப்பலானது. வால்வு முழுதாகத் திறந்த நிலையில் பல டிகிரிகளுக்கு முள் அசையாது. அதனால் இங்கும் அதே தந்திரம்: முழுத் திறப்புக்கு 1 மி.மீ. முன்பு ஒரு எண், தாண்டி 1 மி.மீ. மூடிய இடத்தில் இன்னோர் எண், இரண்டுக்கும் நடு. டாப்பெட் இடைவெளி சற்று முன்பின்னாக இருந்தாலும் இந்த நடுப்புள்ளி பெரிதாகக் கெடாது என்பது இதிலுள்ள வசதி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கிராங்கை எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். எண்ணைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்றாவது பின்னால் போய் மறுபடி வர வேண்டும். பின்னால் திருப்பி அப்படியே படித்தால் இழுக்கும் ஓட்டம் தளர்ந்த ஓட்டமாகிவிடும். நாம் அளப்பது டைமிங்காக இருக்காது, பெல்ட்டின் தொய்வாக இருக்கும். பிஸ்டன் தடையில் முட்டும்போது இரு திசையும் திருப்பலாம், ஏனென்றால் கிராங்குக்கும் தட்டுக்கும் நடுவே பெல்ட் இல்லை.

என் வண்டியில் உச்சியைத் தாண்டி 81 டிகிரியும் 139 டிகிரியும் வந்தன; நடு 110. இது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? எதிர்வீட்டில் தண்ணீர் கேன் போடும் தம்பியிடம் இதே எஞ்சின் உள்ள ஆம்னி வேன் இருந்தது. அதன் ஹெட் ஒருமுறைகூடக் கழற்றப்படவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லி, அந்த வேனின் முன் இருக்கையைத் தூக்கி அதே தட்டால், அதே கேஜால் அளந்தேன். 78, 136, நடு 107. இந்த எண்கள் என் தட்டும் என் கேஜும் சொன்னவை, இன்னொருவர் தம் வண்டிக்கு எடுத்தாள வேண்டாம், வித்தியாசம்தான் செய்தி. கணக்கு 2.5 டிகிரி என்றது, அளவு 3 என்றது. மிச்ச அரை டிகிரி பெல்ட்டின் வயதாகவோ என் கண்ணின் வயதாகவோ இருக்கலாம்.

திருத்துவதற்கு வழிகள் சில உண்டு. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டைத் தடித்ததாகப் போட்டு ஹெட்டை மீண்டும் உயர்த்தினால் கம்ப்ரஷன், டைமிங் இரண்டும் ஒருசேரப் பழைய இடத்துக்கு வரும்; கிடைத்தால் அதுவே சிறந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. தகடு வெட்டி இரண்டு கேஸ்கெட்டுக்கு நடுவே வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை கொதித்து வளைந்த ஹெட்டின் அடியில் கசிய இன்னொரு மூட்டைச் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. பந்தய வண்டிக்காரர்கள் இரண்டு துண்டாகச் செய்த புல்லியைப் பயன்படுத்துவார்கள்: நடுக்குடம் தனி, பல் உள்ள வளையம் தனி, இரண்டையும் நீள்துளைகளில் போல்ட்டுகள் பிடித்திருக்கும். வேண்டிய டிகிரிக்குத் திருப்பி இறுக்கலாம். அழகான பொருள். ஆனால் ஒரே ஒரு முறை திருத்தப் போகும் குடும்ப வண்டிக்கு, தளர்ந்தால் வால்வையே பலி கேட்கும் போல்ட்டுகளை ஏன் கூட்ட வேண்டும்?

நான் தேர்ந்தது படிப் பின், அதாவது படி வைத்துக் கடைந்த சிறு முளை. கேம்ஷாஃப்ட்டின் முகத்தில் ஒரு சிறு பின் இருக்கிறது. புல்லி அதில் உட்கார்ந்துதான் தன் கோணத்தைத் தெரிந்துகொள்கிறது. அந்தப் பின்னின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே மையத்தில் இல்லாமல் சற்று விலகி இருக்கும்படி கடைந்தால் புல்லிக்கும் கேமுக்கும் நடுவிலுள்ள கோணம் அவ்வளவு மாறும். பின் இருப்பது மையத்திலிருந்து 15 மி.மீ. தூரத்தில். கிராங்கில் 3 டிகிரி என்றால் கேமில் 1.5, 15 மி.மீ. ஆரத்தில் அது 0.39 மி.மீ. தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பாயிண்ட் நாலு போதுமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மாலை, கடினப்படுத்திய எஃகில், விரல் நகத்தைவிடச் சிறிய அந்தப் பின்னைத் தீப்பெட்டியில் போட்டுத் தந்தார். கூலி சொல்ல வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. பின் கோணத்தைக் காட்டுவதற்குத்தான், சுமையைத் தாங்குவதற்கு அன்று. சுமை முழுவதும் நடுப் போல்ட்டின் இறுக்கத்தில் இருக்கிறது. எனவே அந்தப் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறையாக இறுக்காதவர்கள் இந்த வழிக்கே வரக் கூடாது.

மாட்டி, கிராங்கைக் கையால் நான்கைந்து சுற்றுச் சுற்றி, டென்ஷனரை இறுக்கி, மறுபடியும் அளந்தேன். 113 வந்தது. பின்னைத் தலைமாற்றிப் போட்டிருந்தேன்! முன்னே போக வேண்டிய கேம் இன்னும் 3 டிகிரி பின்னே போயிருந்தது. அளக்காமல் மூடியை மாட்டியிருந்தால் படிப் பின் என்பதே ஏமாற்று என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். கழற்றி, பின்னை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டியதும் 107 வந்தது; ஒருமுறைக்கு மூன்று முறை அளந்தும் அதுவே வந்தது.

ஸ்டார்ட் செய்யும் முன்பு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். சீவியதால் எல்லா வால்வுகளும் பிஸ்டனுக்கு 1.3 மி.மீ. நெருங்கிவிட்டன. கேம் பின்தங்கியிருந்தபோது புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தாமதமாக மூடியதால் மேலேறி வரும் பிஸ்டனுக்கு அதுதான் அதிக நெருக்கத்தில் இருந்தது. கேமை முன்னே கொண்டுவந்ததும் எக்ஸாஸ்டுக்கு மூச்சு கிடைத்து, நெருக்கம் இன்டேக் பக்கம் இடம் மாறியது. ஹெட் கழன்றிருந்தால் பிஸ்டனின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, ஒருமுறை சுற்றி, அது நசுங்கிய தடிமனை அளப்பார்கள். எனக்கு ஹெட் மாட்டியிருந்ததால், மேல் எல்லைக்கு 10 டிகிரி முன்பு எக்ஸாஸ்டையும், 10 டிகிரி பின்பு இன்டேக்கையும், டாப்பெட் ஸ்க்ரூவை மெல்ல இறக்கி, வால்வு பிஸ்டனைத் தொடும்வரை தள்ளி, டயல் கேஜ் காட்டிய தூரத்தைப் படித்தேன். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பொது விதி. எக்ஸாஸ்ட் சூட்டில் அதிகம் நீள்வதால் அதற்குக் கூடுதல். இரண்டும் தேறின.

கம்ப்ரஷன் கேஜில் முதல் சிலிண்டர் 162-லிருந்து 168 பவுண்டுக்கு ஏறியது. டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடியும் லைட் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது, கேம் நகர்ந்ததால் தீப்பொறியும் நகர்ந்துவிட்டதல்லவா. முரசொலி மாறன் மேம்பாலத்தில் வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. பழையபடி என்று சொல்லலாம், ஆனால் புதிய வண்டி ஆகிவிட்டது என்று சொன்னால் அது மிகை. 3 டிகிரி தரக்கூடியது அவ்வளவுதான். அதற்கு விலையும் கொடுத்தேன். இதுவரை பின்தங்கிய கேம் மறைத்து வைத்திருந்த 9.6 விகிதம் இப்போது வெளியே தெரிந்தது: மே மாத மதியத்தில், மணலி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது லேசாக நாக்கிங், அதாவது கலவை தானே வெடித்துத் தட்டும் ஒலி, கேட்டது. தீப்பொறியை 2 டிகிரி தாமதப்படுத்தியதும் நின்றது. கேமை முன்னே கொண்டுவந்து தீப்பொறியைப் பின்னே தள்ளுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவதுதானே என்று அண்ணன் கேட்டார். ஓரளவு ஆம். ஆனால் சிலிண்டரை முழுதாக நிரப்பிவிட்டுச் சற்றுத் தாமதமாக எரிப்பதும், அரைகுறையாக நிரப்பிவிட்டு நேரத்துக்கு எரிப்பதும் ஏற்றத்தில் ஒன்றாக இருப்பதில்லை.

அண்ணன் கேட்ட வேறொரு கேள்வி இதைவிட முக்கியமானது: ஃபேஸ் அடிக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இத்தனையும் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. பத்து, பதினைந்து தௌ சீவிய ஹெட்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டரைக் கீறிய கோட்டுக்கு வைக்காமல் லைட் பிடித்து வைத்தாலே போதும். ஒரு மி.மீ. நெருங்கும்போதுதான் தட்டையும் கேஜையும் எடுப்பதில் அர்த்தம் உண்டு. செயினால் ஓடும் கேமுக்கும் இதே கணக்குத்தான். பற்சக்கரம் சிறியதாக இருந்தால் அதே 1 மி.மீ.க்குக் கோணம் கூடும் என்பதால் பைக்குகளில் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். இரண்டு கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சினில் இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் ஒன்றுக்கொன்று உள்ள கோணம் மாறாது, கிராங்கோடு உள்ள கோணம் மட்டும் மாறும்.

அந்தத் தட்டு இப்போது அண்ணனின் பட்டறைச் சுவரில், புல்லட் கிளட்ச் தகடுகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. என் வண்டியின் டைமிங் மூடிக்கு உட்புறம் வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "ஹெட் 1.3 குறைவு. படிப் பின் 0.4. கழற்றினால் பக்கம் பார்த்துப் போடவும். சாதாப் பின் போடாதே." அடுத்த முறை பெல்ட் மாற்றும்போது மூடியைத் திறக்கும் கை என்னுடையதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.